மலைத் தோட்ட நகரில் 36 பொது வாடகை வீடுகள்: வெந்நீர், ஈரம், வார இறுதி விருந்தினர்

பின்னணி

மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வளர்ந்த ஒரு சிறுநகரில் 36 பொது வாடகை வீடுகள் கட்டப்பட்டன. அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து குடியேறிய முதல் ஆண்டு முடியும்வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. ஊர், வீட்டு நிர்வாகம், கட்டுமானக் குத்தகையாளர், குடியிருப்பவர்கள் ஆகியோரின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

வீடு கேட்டவர்கள் இரண்டு வகை. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை லயத்து வீடு, அதாவது தொழிலாளருக்கான வரிசை வீடு, உண்டு. ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்ய வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர்கள் அந்த வயதில் கீழே ஈப்போ, தாப்பா பக்கம் போய் ஒண்ட வேண்டியதாயிற்று. மற்றவர்கள் தங்கும் விடுதிகளில் அறை சுத்தம் செய்வோர், சந்தைக் கடைகளில் நிற்போர், காய்கறித் தோட்டத்துக்குப் போவோர். சுற்றுப்பயணிகளுக்கு வேலை செய்யும் இவர்களுக்கே அந்தச் சுற்றுப்பயணத்தால் வீடு கிடைக்கவில்லை. ஊரில் காலியாகும் மாடி வீடுகளை உரிமையாளர்கள் மாத வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டு, வெள்ளி முதல் ஞாயிறுவரை ஹோம்ஸ்டேயாக நடத்தினார்கள்.

நாட்டின் பிபிஆர் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாத வாடகை 124 ரிங்கிட். வீட்டின் அளவு 700 சதுர அடி, அதாவது 65 சதுர மீட்டர், மூன்று படுக்கையறை. நிர்வாகம் அதே அளவையும் வாடகையையும் எடுத்துக்கொண்டது. கையில் இருந்த வரைபடமும் அதே வகையைச் சேர்ந்ததுதான். அது சமவெளிக்காக வரையப்பட்டது.

முதலில் கண்டவை

தானா ராத்தாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 18 டிகிரி. இந்த ஊரிலும் விடியற்காலையில் 15 டிகிரிவரை இறங்கும். சமவெளியில் மின்சாரச் செலவு என்றால் மின்விசிறி, ஏர்கோன். இங்கே ஏர்கோன் யாரிடமும் இல்லை. பழைய லயத்து வீடுகளின் மின்கட்டணச் சீட்டுகளைப் பார்த்து, வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று கேட்டபோது, செலவின் பெரும்பங்கு குளியலறை வாட்டர் ஹீட்டரில் போவது தெரிந்தது.

கணக்கு எளியது. ஒருவர் குளிக்க 40 டிகிரி வெந்நீர் 25 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழாயில் வரும் தண்ணீர் 17 டிகிரி. ஐந்து பேர் குடும்பத்துக்கு நாளுக்கு 3.3 யூனிட், மாதத்துக்கு 100 யூனிட். அதற்குப் பிறகும் வெந்நீர் சரியாக வருவதில்லை. சுவரில் மாட்டும் 3.6 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும்போது தண்ணீரின் சூட்டை 17 டிகிரிதான் கூட்டும். கீழே 27 டிகிரித் தண்ணீர் 44 டிகிரியாகிவிடும். மேலே 17 டிகிரித் தண்ணீர் 34 டிகிரியோடு நின்றுவிடும். அதனால் ஆட்கள் குழாயைக் குறுக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு மடங்கு நேரம் நிற்கிறார்கள். வயதானவர்கள் கேஸ் அடுப்பில் பானை வைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது பிரச்சினை ஈரம். வரைபடத்தில் இருந்தவை ஒற்றைச் செங்கல் சுவர், கண்ணாடிப் பட்டைகள் கொண்ட நாக்கோ சன்னல், கதவுக்கு மேலே மூடவே முடியாத காற்றோட்டக் கற்கள். இப்படிக் கட்டிய வீட்டில் மணிக்கு ஐந்து முறை காற்று மாறும் என்று கொண்டால், உள்ளே ஒரு டிகிரி சூடு நிற்க ஏறத்தாழ 450 வாட் வேண்டும். அதில் 290 வாட் காற்றோடு போகிறது. ஐந்து பேர் தூங்கும்போது உடல் சூடும் குளிர்பெட்டியும் சேர்ந்து தருவது 400 வாட். ஆக வெளியே 15 என்றால் உள்ளே 16கூட இல்லை. மெத்தை, சாமி படத்தின் பின்பக்கம், பள்ளிச் சீருடை என்று எல்லாவற்றிலும் பூஞ்சணம்.

இந்தச் சூட்டு இழப்புக்குக் கட்டட விதிகளைக் காரணம் காட்டுவது வழக்கம், அது சரியல்ல. 1984ஆம் ஆண்டுக் கட்டட விதித்தொகுப்பின் 39ஆம் விதி, தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னலும், அதில் காற்று தடையின்றிப் போகக்கூடிய திறப்பு 5 விழுக்காடும் கேட்கிறது. திறக்கக்கூடியதாக இருந்தால் போதும். நாளெல்லாம் திறந்தே கிடக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இடம். புதிதாக மலையைச் சீவாமல், பழைய லயம் இருந்த மேடையே தேர்ந்தெடுக்கப்பட்டது. சாலை, வடிகால், மின்கம்பம் ஏற்கெனவே இருந்தன. 25 டிகிரிக்கு மேற்பட்ட மூன்றாம் வகைச் சரிவில் கைவைத்தால் மண் ஆய்வு, தாங்குசுவர் என்று வாடகையில் மீட்கவே முடியாத செலவு சேரும். மேடை வடக்கு தெற்காக நீண்டிருந்ததால், தலா 18 வீடுகளுடன் மூன்று மாடிக் கட்டடங்கள் இரண்டு அதன்மேல் அமைந்தன.

சுவரும் சன்னலும். 200 மில்லிமீட்டர் ஏஏசி கட்டி, அதாவது காற்றுக்குமிழ் கொண்ட இலகு கான்கிரீட், தேர்வாயிற்று. ஒரு டிகிரி வித்தியாசத்தில் ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் போகும் என்பதே வெப்பக் கடத்து மதிப்பு; செங்கல் சுவரில் 2.8ஆக இருந்த அது இதில் 0.7க்குக் கீழே வரும். இன்னொரு காரணம் லாரி. ஏஏசியின் எடை கன மீட்டருக்கு 600 கிலோ அளவில். செங்கல் அதைப்போல் மூன்று மடங்கு. தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் வளைவுகளில் ஒவ்வொரு நடையும் பணம்தான். நாக்கோவுக்குப் பதில் ரப்பர் பட்டி வைத்த, முழுதாக மூடக்கூடிய கீல் சன்னல். இரட்டைக் கண்ணாடி கைவிடப்பட்டது. ஒரு வீட்டின் சன்னல் பரப்பு 8 சதுர மீட்டர்தான், அந்தப் பணம் சுவரில் அதிக வேலை செய்யும். மேல்மாடிக் கூரைத் தகட்டுக்கு அடியில் 100 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளி.

காற்று மாறுவதை மணிக்கு 0.7ஆகக் குறைத்தால், மேலே சொன்ன 450 வாட் 113 ஆகிறது. அதே 400 வாட்டில் உள்ளே 3.5 டிகிரி கூடும். 18.5 டிகிரி யாருக்கும் சுகமான சூடு இல்லை. ஆனால் போர்வையோடு தூங்கலாம், அறை ஹீட்டர் வாங்க வேண்டாம்.

காற்றை அடைத்தால் ஈரம் தங்கும் என்ற எதிர்ப்பு குழுவுக்குள்ளேயே எழுந்தது, நியாயமான எதிர்ப்புதான். அதற்காக ஈரத்தின் மூலங்கள் ஒவ்வொன்றாக எடைபோடப்பட்டன. 14 கிலோ கேஸ் தோம்பு முழுதும் எரிந்தால் சுமார் 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். பெரிதாகத் தெரியும், ஒரு தோம்பு ஆறு வாரம் வந்தால் நாளுக்கு அரை லிட்டர்தான். இயந்திரத்தில் பிழிந்த ஐந்து கிலோ துணியை வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்தினால் ஒரே தடவையில் இரண்டரை லிட்டர். எனவே ஒவ்வொரு மாடியின் கிழக்குப் பக்கத்திலும் ஒளி ஊடுருவும் கூரையும் மூன்று பக்கம் கம்பி வலையும் வைத்த துணி உலர்த்தும் தாழ்வாரம் சேர்க்கப்பட்டது. இதற்குப் பணம் ஒதுக்கத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. வரைபடத்தில் அது வெறும் தாழ்வாரமாகத் தெரிந்ததால், செலவைக் குறைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வெட்டு அதற்கே விழப் பார்த்தது. குளியலறை விசிறி விளக்கோடு இணைக்கப்பட்டது. விளக்கை அணைத்த பின்னும் 20 நிமிடம் ஓடும். தனிச் சுவிட்ச் வைத்தால் யாரும் போட மாட்டார்கள்.

வெந்நீர். முதலில் எல்லோரும் விரும்பியது, கட்டடத்துக்கு ஒரு பெரிய ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றின் சூட்டை இழுத்து நீரைச் சூடாக்கும் இயந்திரம், வைத்து 18 வீடுகளுக்கும் சுற்றுக் குழாயில் வெந்நீர் தருவது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு கிடைக்கும் இயந்திரம் காகிதத்தில் தோற்காது. இரண்டு விஷயங்கள் அதைத் தோற்கடித்தன.

ஒன்று குழாய். 120 மீட்டர் சுற்றுக் குழாய், உறை போட்ட பிறகும் மீட்டருக்கு 10 வாட் இழந்தால், நாளுக்கு 29 யூனிட் சூடு வெறும் சுவருக்குப் போகும். ஒரு வீட்டின் பங்கு 1.6 யூனிட், குளிக்கத் தேவையான சூட்டில் பாதி. இன்னொன்று கட்டணம். வீட்டு மீட்டரில் அப்போது முதல் 200 யூனிட் 21.80 சென், அடுத்த 100 யூனிட் 33.40 சென். பொது மீட்டர் வணிகக் கட்டணத்தில் வந்தது: முதல் 200க்குப் பின் 50.90 சென். மற்றச் செலவு 150 யூனிட் உள்ள வீட்டில், தனி ஹீட்டரின் 100 யூனிட்டுக்கு மாதம் 27.60 ரிங்கிட். ஹீட் பம்ப்பில் குழாய் இழப்பையும் சேர்த்து 49 யூனிட், 25 ரிங்கிட். மின்சாரம் பாதியாகக் குறைகிறது, காசு குறையவில்லை. அந்த 25 ரிங்கிட்டையும் நிர்வாகம்தான் வீடு வீடாக வசூலிக்க வேண்டும். சுற்று பம்ப், பராமரிப்புச் செலவு தனி. மிச்சமாகும் யூனிட்டை மட்டும் எண்ணி இத்திட்டங்களை ஒப்பிடுவோர் இந்த இடத்தில்தான் தவறான இயந்திரத்தை வாங்குகிறார்கள்.

முடிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கூரையில் 2 சதுர மீட்டர் சூரியத் தகடும் 150 லிட்டர் தொட்டியும், பம்ப் இல்லாமல் சூட்டு நீர் தானே மேலேறும் வகை. சதுர மீட்டருக்கு 4 யூனிட் வெயில் விழும் நாளில், 45 விழுக்காடு திறனில் 3.6 யூனிட் சூடு. குடும்பத் தேவைக்குச் சரியாக இருக்கும். மழை நாளுக்குத் தொட்டிக்குள் நீரைச் சூடேற்றும் 2.4 கிலோவாட் மின்கம்பி, அந்தந்த வீட்டு மீட்டரிலிருந்து, 10 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானோடு. மலையில் மதியத்துக்கு மேல் மேகம் கவிவதால் தகடுகள் கிழக்கு நோக்கி, 15 டிகிரிச் சாய்வில். அதைவிடக் கிடையாக வைத்தால் தண்ணீர் சுழலாது, மழையில் அழுக்கும் வழியாது. நீர் நிறைந்த தொட்டியும் தகடும் சேர்ந்து ஒன்று 230 கிலோ. ஒரு கட்டடத்துக்கு நான்கு டன்னுக்கு மேல். கூரை உத்தரங்கள் தொடக்கத்திலேயே அதற்கேற்பக் கணக்கிடப்பட்டன. கீழ்மாடிக்கு இறங்கும் குழாய் 15 மில்லிமீட்டர். 22 போட்டால் சூடு வருவதற்குள் ஒவ்வொரு முறையும் நான்கு லிட்டர் குளிர்ந்த நீர் வீணாக ஓடும்.

யாருக்கு வீடு. தரைத்தளத்தின் 12 வீடுகள் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்களுக்கு. ஒப்பந்தத்தில் ஓர் இரவுக்குக்கூட உள்வாடகை கூடாது, விருந்தினர் தாமே சாவி எடுத்துக்கொள்ளும் சாவிப்பெட்டி கதவில் கூடாது, மின்மீட்டர் வாடகை ஒப்பந்தம் செய்தவர் பெயரில் மட்டும் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது.

கட்டுமானத்தின்போது

பழைய லயக் கூரைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடுகள் இருந்தன. அவற்றை உடைக்காமல், நனைத்து, ஆணி கழற்றி, உறையிட்டு இறக்கிய பிறகே இயந்திரம் உள்ளே வந்தது.

கான்கிரீட் லாரி, கலந்ததிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டப்பட வேண்டும். நீண்ட வார இறுதியில் மலைச் சாலை அடைபட்டால் அது நடக்காது. தளம் வார்ப்பது செவ்வாய் முதல் வியாழன்வரை, காலையில் மட்டும் என்றும், பள்ளி விடுமுறை வாரங்களில் வார்ப்பே இல்லை என்றும் முடிவாயிற்று. அந்த வாரங்களில் கட்டி அடுக்கும் வேலையும் பூச்சு வேலையும் நடந்தன. ஏஏசி சுவரில் வழக்கமான சிமெண்டு மிகுந்த கலவையைப் பூசியதால் முதல் இரண்டு வீடுகளில் முடி வெடிப்பு விழுந்தது. கட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டதே காரணம். சுவரை லேசாக நனைத்து, ஏஏசிக்கென விற்கும் மெல்லிய பூச்சுக்கு மாறிய பின் வெடிப்பு நின்றது.

தொழிலாளர்களைத் தங்கவைக்க ஊரில் அறை கிடைக்கவில்லை, எல்லாம் சுற்றுப்பயணிகளுக்கு. தொழிலாளர் தங்குமிடத் தரத்துக்கான 446 சட்டம் 2019 திருத்தத்துக்குப் பின் தோட்டங்களோடு நிற்காமல் எல்லாத் துறைகளையும் தழுவுவதால், கொட்டகை போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. இடிக்க வேண்டிய லயங்களில் இரண்டை முதலில் பழுதுபார்த்து, அவர்களை அங்கே தங்கவைத்து, கடைசியில் இடித்தார்கள்.

வெந்நீர் சோதனையில் ஒரு கோளாறு. குத்தகையாளர் குளியலறையின் குளிர்நீரை நேரடிக் குழாயிலிருந்து கொடுத்திருந்தார். வெந்நீரோ கூரைத் தொட்டியிலிருந்து, மேல்மாடியில் இரண்டு மூன்று மீட்டர் உயர அழுத்தத்தில் மட்டும் வருகிறது. அழுத்தம் மிகுந்த குளிர்நீர், வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் கலவை வால்வு வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் திரும்பி ஏறியது. இரண்டையும் ஒரே கூரைத் தொட்டிக்கு மாற்றி, திரும்பாத வால்வுகள் வைத்து, குறைந்த அழுத்தத்துக்கான கலவை வால்வை 42 டிகிரியில் நிறுத்திய பிறகே ஒப்புதல் தரப்பட்டது.

குடியேறிய பின் முதல் ஆண்டு

நடு மாடி வீடுகளில் விடியற்காலை வெப்பம் வெளியைவிட ஏறத்தாழ மூன்று டிகிரி கூடுதலாக இருந்தது. கணக்கிட்ட 3.5 வரவில்லை; ஓர வீடுகளில் இன்னும் குறைவு. காரணம் முதல் மழைக்காலத்தில் கண்ணுக்கே தெரிந்தது: சுவர் சுத்தமாக இருக்க, கூரையை ஒட்டிய உத்தரத்திலும் மூலைத் தூண்களிலும் மட்டும் கோடு போட்டாற்போல் கறுப்புப் பூஞ்சணம்.

ஏஏசி கட்டிகள் தூண்களுக்கு நடுவேதான் நின்றன. வெளிச்சுவர்ப் பரப்பில் ஏழில் ஒரு பங்கு வெறும் கான்கிரீட், அதன் கடத்து மதிப்பு 3 அளவில். வெளியே 15, உள்ளே 18.5 என்றால் ஏஏசி சுவரின் உள்முகம் 18.2 டிகிரி, உத்தரத்தின் உள்முகம் 17. ஐந்து பேர் தூங்கும் வீட்டில் விடியற்காலைக் காற்றின் பனிநிலையும், அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையும், 17தான். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்த மூலைகளில் இன்னும் குளிர்ச்சி. அங்கே தண்ணீர் முத்தாக நின்றது. வடக்கு ஓர வீடுகளில் தூண், உத்தரங்களின் வெளிப்புறம் 50 மில்லிமீட்டர் ஏஏசி பலகை ஒட்டிப் பூசப்பட்டது. அடுத்த மழைக்காலத்தில் அந்த வீடுகளில் கோடு திரும்பவில்லை. மற்ற வீடுகளுக்கு, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைக்கச் சொல்வதைத் தவிர இன்னும் எதுவும் செய்யப்படவில்லை.

சன்னலுக்கு மேலே வைத்த சிறு காற்றுத்துளைகளைப் பல வீடுகளில் நாளிதழ்த் தாளால் அடைத்திருந்தார்கள். படுக்கைக்கு நேரே குளிர் காற்று இறங்கியது. அடைத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. காற்றை மேல்நோக்கித் திருப்பும் மூடியை மாட்டியதும் தாள் தானாகப் போயிற்று.

வெந்நீரில் வெயில் நாள்கள் தொல்லை தரவில்லை. தொல்லை மின்கம்பியின் சுவிட்சில். ஓய்வு பெற்றவர்களின் வீடுகள் சிலவற்றில் அது இரவும் பகலும் போட்டபடி இருந்தது. காலையில் ஏற்கெனவே சூடான தொட்டியில் சூரியனுக்கு வேலையே இல்லை. அந்த வீடுகளின் கட்டணம் பழைய லயத்தைவிட ஏறியது. சுவிட்சை எடுத்துவிட்டு, திருகினால் 60 நிமிடத்தில் தானே அணையும் டைமர் பொருத்தப்பட்டது. ஒரு திருகு 150 லிட்டரை 14 டிகிரி உயர்த்தும். வெயிலில் 28வரை வந்த தண்ணீருக்கு ஒன்று போதும். முழு மழை நாளில் இரண்டு. வாரம் ஒருமுறை, வெயில் நல்ல நாளில், மாலையில் டைமரைத் திருகி 60 டிகிரியைத் தொடவைக்கும்படி சொல்லப்பட்டது; வெதுவெதுப்பாகவே தேங்கும் நீரில் கிருமி வளரும். டைமர் வந்தபின், வெந்நீருக்கு 100 யூனிட் ஆகக்கூடிய வீடு 40இல் நின்றால், மற்றச் செலவான 150 யூனிட்டையும் சேர்த்து, மாதக் கட்டணம் அப்போதைய விலையில் 60.30 ரிங்கிட்டிலிருந்து 41.40 ஆகும். பெரும்பாலான வீடுகள் இதற்கு அருகில் வந்தன. 2025 ஜூலை முதல் தேதியில் கட்டண அமைப்பு மாறி, 1,000 யூனிட்வரை பயன்படுத்துவோருக்குப் பயன்பாடு கூடக் கூடக் குறையும் ஊக்கச் சலுகை வந்தது. குறைவாக எரிப்பவருக்கு நன்மை என்ற போக்கு மாறவில்லை.

பெருமழைக்குப் பின் குழாய்நீர் கலங்கி வரும். மண் கலவை வால்வின் வலையில் அடைத்து, வெந்நீர் நூலாக ஒழுகும். ஒவ்வொரு கட்டடத்தின் ஏற்றுக் குழாயிலும் கழுவக்கூடிய வடிகட்டி வைத்து, வாரம் ஒருமுறை திறந்து விடுவது காவலாளியின் வேலைப் பட்டியலில் சேர்ந்தது.

இனி உள்வாடகை. ஆண்டு முடிவதற்குள் இரண்டு வீடுகள் வார இறுதியில் சுற்றுப்பயணிகளுக்குப் போவது தெரிந்தது. 124 ரிங்கிட் வாடகை வீட்டில் ஒரு நீண்ட விடுமுறையே அதற்குமேல் ஈட்டித் தரும். குளிராத அறை, சூடான குளியல் என்பதால் விளம்பரத்துக்கும் எடுப்பாக இருந்தது. வீட்டைத் தரமாகக் கட்டினால் இந்த ஆசையும் கூடும் என்பதை யாரும் முன்கூட்டி எண்ணவில்லை. மீட்டர் அளவைக் கொண்டு இத்தகைய வீடுகளைப் பிடிக்கலாம் என்ற யோசனை ஒதுக்கப்பட்டது. தீபாவளிக்கு வந்த உறவினர் பத்துப் பேரையும் காசு கொடுத்துத் தங்கிய பத்துப் பேரையும் மீட்டரால் பிரித்தறிய முடியாது. இணைய விளம்பரங்களைப் பார்ப்பது, சாவிப்பெட்டி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை நடந்து பார்ப்பது என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு குடும்பம் எச்சரிக்கைக் கடிதத்தோடு நிறுத்தியது. மற்றவர் வேறு ஊரில் வாழ்ந்துகொண்டே வீட்டை வைத்திருந்தார். சாவியைத் திருப்பித் தந்தார். அந்த வீடு காத்திருப்புப் பட்டியலில் இருந்த, விடுதியில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் போனது.

அடுத்த கட்டத்தில் மாறுபவை

இதே மேடையின் கீழ்ப்பகுதியில் இன்னும் 24 வீடுகள் வரவிருக்கின்றன. அவற்றில் கான்கிரீட் சட்டம் முழுவதும் ஏஏசிக்கு உள்ளே அடங்கும்படி, கட்டிகள் 50 மில்லிமீட்டர் வெளியே தள்ளி அடுக்கப்படும். பின்னால் ஒட்டுவதற்குச் சாரம் கட்டும் செலவே பலகையின் விலையைத் தாண்டிவிட்டது. டைமர், மேல்நோக்கிய காற்றுமூடி, ஏற்றுக் குழாய் வடிகட்டி ஆகியவை விலைப்புள்ளியிலேயே எழுதப்படும். கூரைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றரை மீட்டர் உயர்த்தப்படும்; மேல்மாடியில் குளியல் நீர் இன்னும் மெல்லியதாகத்தான் விழுகிறது. துணி உலர்த்தும் தாழ்வாரத்தில் கொடியின் நீளம் வீட்டுக்கு ஆறு மீட்டரிலிருந்து பத்தாகக் கூடும், ஏனெனில் விடுதி வேலைக்குப் போகும் குடும்பங்களில் சீருடை நாள்தோறும் துவைக்கப்படுகிறது, இடம் போதாதபோது துணி மீண்டும் அறைக்குள் ஏறிவிடுகிறது. சாவி ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு குடும்பத்தோடும் அரைமணி நேரம் குளியலறையில் நின்று டைமரையும் கலவை வால்வையும் இயக்கிக் காட்டும் பொறுப்பு குத்தகையாளரின் கடைசித் தவணைப் பணத்தோடு இணைக்கப்படுகிறது.